பழைய ஜீப்பை வீட்டு வாசலில் கழற்றித் துரு எடுக்கப் போகிற தம்பிக்கு

குமுளியில் இருக்கும் ஒரு தம்பி, ஏலத்தோட்டத்தில் ஓடிய மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறார். 1990களின் வண்டி. எஞ்சின் நன்றாக இருக்கிறதாம், தளத் தகட்டில் மட்டும் அங்கங்கே ஓட்டையாம். "வீட்டிலேயே கழற்றி, துருவைச் சுரண்டி, மிலிட்டரி பச்சை அடிக்கலாம் என்று இருக்கிறேன். பாடியைச் சேசிஸிலிருந்து தூக்க வேண்டுமா? எந்த ஆசிட் நல்லது? எந்த பெயின்ட் நிற்கும்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பச்சையை மறந்துவிடுங்கள் தம்பி. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, ராணுவத்துக்குச் சொந்தமில்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. ரோட்டில் அப்படிப் பத்து வண்டி ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் தினமும் செக்போஸ்ட் தாண்டிப் போய்வருகிற ஊரில் இருந்துகொண்டு அந்தத் தலைவலி எதற்கு? வேறு நிறம் அடித்தாலும் ஆர்.சி.யில் இருக்கும் நிறத்திலிருந்து மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும், அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் ஆக வேண்டும். அதனால் ஆர்.சி.யில் என்ன நிறமோ அதையே அடிப்பதுதான் என் யோசனை.

இன்னொன்று. சேசிஸில், அதாவது பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தில், குத்தியிருக்கும் எண்ணைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடத்தில் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. துரு எடுக்கிற வேகத்தில் எண்ணையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் உண்டு.

சரி, துருவுக்கு வருவோம். தோட்டத்து ஜீப்பில் துரு மழையால் மட்டும் வருவதில்லை. அந்த வண்டி என்ன சுமந்தது என்று விற்றவரிடம் கேட்டீர்களா? ஏலக்காய்க்கு அழுகல் வராமல் இருக்க மயில்துத்தம் என்கிற செம்பு சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள், கீழே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் அதேதான். மயில்துத்தம் மூட்டை வண்டித் தளத்தில்தான் கிடக்கும். கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க விவசாயிகள் பளபளப்பான கத்தியை அதில் முக்கி எடுப்பார்களே, சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கத்தியில் நடப்பதுதான் உங்கள் ஜீப்பின் தளத்திலும் நடக்கிறது. மயில்துத்தம் ஈரமாகி இரும்பில் பட்டால் இரும்பு கரைந்துபோய் அதன் இடத்தில் செம்பு உட்காருகிறது. உட்கார்ந்த செம்பு சும்மாவும் இருக்காது, ஈரம் இருக்கும்வரை பக்கத்து இரும்பையும் அரிக்க வைக்கும். கூடவே உர மூட்டை. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பின் பங்காளி. சிந்திய பொட்டாஷ் ரப்பர் மேட்டுக்கு அடியில் போய்விட்டால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கோடையிலும் தகட்டைத் தின்னும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் செய்கிறவர்களில் பலர் துருவை எடுக்கிறார்கள், உப்பை எடுப்பதில்லை. துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தைப் பெயின்ட் வழியாகவே உறிஞ்சிக் கொப்புளம் கிளப்பும். ஆகவே முதல் வேலை ஸ்பானர் இல்லை, தண்ணீர். சர்வீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், மேட் எல்லாவற்றையும் உரித்து எறிந்துவிட்டு, உயர் அழுத்தத் தண்ணீரில் அடியும் உள்ளும் கழுவுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மறுபடி ஒருமுறை. பிறகு கழற்றிச் சுரண்டும்போது குழிகள் திறக்கும், அப்போது மூன்றாவது முறையும் கழுவணும். கழுவினால் துருப்பிடிக்குமே என்று பயப்படாதீர்கள். அந்த மெல்லிய ஆரஞ்சுத் துரு ஒரு தேய்ப்பில் போய்விடும்.

பாடியைத் தூக்க வேண்டுமா என்பதற்கு ஒரு சின்னச் சுத்தியல் பதில் சொல்லும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சேசிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், தின்னப்பட்டது 'டப்' என்று செத்த சத்தம் போடும். பாடி உட்காரும் ரப்பர் பேக்கிங் இடங்கள், பின்கோடிக் குறுக்குச் சட்டம், பேட்டரித் தட்டின் அடி, ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட், விண்ட்ஷீல்டு சட்டத்தின் கீழ்விளிம்பு, சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் பெட்டி இவற்றையெல்லாம் திருப்புளியால் அழுத்திக் குத்தியும் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது தகடு இல்லை, பெயின்ட் மட்டும். தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களை விட்டுவிடாதீர்கள். வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழியில் வந்த பழைய பாடிகளில் அந்தச் சட்டத்துக்குள் மரக்கட்டை வைத்ததும் உண்டு. அது மழையைக் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

உங்கள் பக்கத்து ஜீப்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பாரம் தாங்கட்டும் என்று சேசிஸின் மேல் இன்னொரு பட்டையை வைத்து வெல்டு அடித்திருப்பார்கள். இரண்டு இரும்புக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் ஒட்டிய பட்டை நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். அப்படி உப்பல் தெரிந்தாலோ, பாடி பேக்கிங் இடங்களில் குத்தியது உள்ளே போனாலோ யோசிக்கவே வேண்டாம், பாடியைத் தூக்குங்கள். தளத்தில் மட்டும்தான் ஓட்டை, அடிச்சட்டமும் சேசிஸும் கணீரென்று இருக்கின்றன என்றால் தூக்காமலே செய்யலாம். பார்க்காமல் சொல்கிறேன், மழைக்காட்டு வண்டி என்றால் பத்துக்கு எட்டு முறை தூக்கத்தான் வேண்டியிருக்கும்.

கழற்றுவது ஆசையான வேலை, அதனாலேயே ஆபத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் கழன்றுவிடும். மாட்டும்போதுதான் எது எங்கே என்று திகைப்போம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் மூன்று படம் எடுங்கள், தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, கழற்றிய பிறகு ஒன்று. நட்டு போல்ட்டுகளைத் தயிர் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடிகள் மாறிப்போகும், பட்டுத் தெரிந்துகொண்டேன். வயரிங்கில் ஒவ்வொரு முனைக்கும் துணி டேப் சுற்றி எண் போடுங்கள்.

ஸ்பானர் விஷயத்தில் இந்த வண்டிக்கு இரண்டு தாய்மொழி. பாடியும் சேசிஸும் வில்லிஸ் பரம்பரை, அங்கே 1/2, 9/16, 3/4 என்று இஞ்சுக் கணக்கு. எஞ்சின் பெஜோ டீசல், 2112 சிசி, அங்கே மில்லிமீட்டர். 1/2க்கு 13 நம்பர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் அந்தக் 'கிட்டத்தட்ட' துருப்பிடித்த போல்ட்டில் தலையை உருட்டிவிடும். வில்லிஸ் வம்சத்துப் பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடமறையாகவும் இருக்கும், அதாவது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். திறக்கவில்லையே என்று குழாய் மாட்டி மிதிப்பதற்கு முன் மறை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பிடித்துப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து மூன்று நாள் தினமும் இரண்டு வேளை விடுங்கள். அப்புறம் சுத்தியலால் நான்கு தட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஓர் அசைவு, பிறகு திறக்கும் பக்கம். அதற்கும் வராததைக் கிரைண்டரில் வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். பத்து ரூபாய் போல்ட்டுக்கு முழங்கையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டேங்க்கைக் கழற்றி வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். டீசல்தானே என்று காலி டேங்க்குக்குப் பக்கத்தில் வெல்டு பிடிக்கக் கூடாது, காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பாடியைத் தூக்கும் முன் ஒரு காரியம் மறக்கக் கூடாது. கதவு திறப்புகளில் குறுக்காக ஆங்கிள் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு பிடியுங்கள். தளம் இற்றுப்போன பாடி, சேசிஸின் பிடி விட்டதும் அகன்றுவிடும் அல்லது முறுக்கிக்கொள்ளும். மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பேக்கிங்குக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் சில இருக்கும், எது எந்த மூலை என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கதவு பொருந்துவது அதில்தான் இருக்கிறது. பானெட், மட்கார்டு, கிரில், விண்ட்ஷீல்டு, சீட் எல்லாம் போன பிறகு ஆறு பேர் இருந்தால் பாடி எழுந்துவிடும். கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தால் குமுளியில் ஆறு பேர் கிடைக்காமலா போவார்கள்!

இனி ஆசிட். நீங்கள் கேட்டதும் எனக்குப் பழைய வடு ஒன்று அரித்தது. நான் முதலில் கைவைத்த ஜீப்பில், கழிவறை கழுவும் ஆசிட்டைத் தளம் முழுக்கப் பிரஷ்ஷால் தடவினேன். கண்முன்னே துரு கரைந்து வெள்ளி மாதிரி இரும்பு வந்தது. பெருமை தாங்கவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முழுத் தளமும் ஆரஞ்சு. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள்கூட அந்தப் புகையில் பழுத்துவிட்டன. சரி என்று மறுபடி தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, ஆடி மாதத்தில் பெயின்ட்டும் அடித்தேன். தீபாவளிக்குள் தகடும் தகடும் சேரும் மடிப்புகள் நெடுக அம்மை போட்ட மாதிரி கொப்புளம். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். அதுவும் குளோரைடுதான், மடிப்புக்குள் புகுந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வெளியே வராது. துருவை எடுக்கப்போய் நானே உப்பை ஊற்றியிருக்கிறேன்.

அதனால் பாடிக்கும் சேசிஸுக்கும் முதலில் கைவேலைதான். கிரைண்டரில் கம்பிக் கப் பிரஷ், தடித்த செதில்களுக்கு உளி, மூலைகளுக்குக் கையால் 80 நம்பர் உப்புத்தாள். கப் பிரஷ்ஷின் கம்பி பிய்ந்து தெறிக்கும். கண்ணாடி போதாது, முகத்துக்கு முழுத் தடுப்பு வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் பெயின்ட் அடுக்கை உலரத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது கட்டாயம். சேசிஸுக்கு மட்டும் கொஞ்சம் காசு செலவழிக்க முடியுமானால் மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சித் துரு எடுக்கும் பிளாஸ்டிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், பெட்டி போன்ற இடுக்குகளுக்கு அதுதான் சரி. ஆனால் பானெட், பக்கத்தகடு போன்ற அகன்ற மெல்லிய தகடுகளை அங்கே கொடுத்தால் நெளிந்துபோய்த் திரும்பி வரும்.

கைக்கு எட்டாத குழிகளில் மிச்சமிருக்கும் கறுப்புப் புள்ளிகளுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும், குளோரைடு விட்டுப்போகாது. ஆனால் அதையும் தடவிவிட்டு அப்படியே மேலே ப்ரைமர் அடிக்காதீர்கள். டப்பாவில் சொன்ன நேரம் முடிந்ததும் கழுவித் துடைத்து உடனே உலர்த்துங்கள். அமிலப் பிசுபிசுப்பின் மேல் எபாக்சி ப்ரைமர் ஒட்டாது.

சின்னச் சாமான்களுக்கு மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் அளவில் கரைத்து ராத்திரி போட்டு வைத்தால் காலையில் கீல், கொக்கி, பிராக்கெட் எல்லாம் சாம்பல் நிறத்தில் சுத்தமாகக் கிடக்கும். பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் எடுக்கும் முறையும் அருமையானது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா ஒரு கைப்பிடி, துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், வீணான இரும்புக் கம்பிக்குப் பாசிட்டிவ். இதில் மூன்று கட்டுப்பாடு. சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பு போட்டால் குளோரின் கிளம்பும். எவர்சில்வர் துண்டைக் கம்பியாக வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் குமிழ் ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல். ஸ்பிரிங் பட்டையையும் கடினமாக்கிய போல்ட்டையும் ஆசிட்டிலோ இந்தத் தொட்டியிலோ போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அந்த வகை எஃகை நொறுங்க வைத்துவிடும். மலைவளைவில் பட்டை முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டைகளைப் பிரித்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் வைத்து மாட்டினால் போதும்.

ஓட்டை விழுந்த தளத்துக்கு 18 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு வாங்குங்கள். வெல்டிங்கை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். டிங்கர்கள் பலருக்கு ஓட்டையின் மேல் பெரிய தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டு அடிப்பதுதான் பழக்கம், வேலை சீக்கிரம் முடியும். அடியில் பழைய துருத்தகடு அப்படியே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், சேசிஸில் பார்த்த அதே உப்பல் கதை இங்கேயும் வரும். பளபள இரும்பு வரும்வரை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்தை ஓட்டை போட்டுவிடும். தளத்தின் தாழ்ந்த மூலைகளில் தண்ணீர் இறங்க ஓட்டை இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் போடுங்கள்.

பெயின்ட்டில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இரும்புக்கு முதலில் படுவது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி ப்ரைமராக இருக்க வேண்டும். ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குச் சரி, மழைக்காட்டு ஜீப்புக்குப் போதாது, அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது. தேய்த்த அன்றே, தின்னரால் துடைத்துவிட்டு, வெறுங்கை படாமல் ப்ரைமர் அடித்துவிடுங்கள். குமுளிக் காற்றில் ராத்திரி விட்டால் காலையில் மறுபடி பழுத்திருக்கும். பள்ளம் நிரப்பும் பட்டி வைப்பது எபாக்சிக்கு மேலேதான், அதுவும் மெல்லிசாக. பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். வெறும் இரும்பின் மேல் பட்டி வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அடியில் துருவை நீங்களே விதைக்கிறீர்கள். எம்எம் 540 தட்டையான தகடு, ஆங்காங்கே நெளிவு இருப்பதுதான் அதன் அழகு. அதைக் கண்ணாடி மாதிரி ஆக்க அரை இஞ்சு பட்டி அப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மேல் பெயின்ட்டுக்கு வருவோம். பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்தான் அதிகம் உழைக்கும், பளபளப்பும் அதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் நிரந்தர ஆஸ்துமா வரலாம், துணி மாஸ்க் அதற்குத் தடையே இல்லை. அதனால் வீட்டு வாசலில் பி.யு. ஸ்பிரே வேண்டாம் என்பேன். பி.யு.தான் வேண்டும் என்றால் ப்ரைமர் வரைக்கும் நீங்கள் முடித்து, 320 நம்பரில் தேய்த்து, பாடியை மட்டும் ஸ்பிரே அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கும் பட்டறைக்கு ஏற்றிவிடுங்கள். வீட்டிலேயே முடிக்கணும் என்றால் சிந்தெடிக் எனாமல். ஆற அமரக் காயும், பிரஷ்ஷிலும் ரோலரிலும்கூட அடிக்கலாம், கீறல் விழுந்தால் நீங்களே தொட்டுக்கொள்ளலாம். சேசிஸுக்கு பிரஷ்தான் நல்லது, இடுக்குக்குள் தள்ளித் தேய்க்கும். டூகோ என்று நாம் சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் சீக்கிரம் காயும், ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் பால் படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிவதுதான் காரணம்.

அளவு கேட்டால், ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 சதுர மீட்டர் போகும். ஜீப்பின் உள்ளும் புறமும் அடியும் சேர்த்து 20 சதுர மீட்டர் வைத்தால், இரண்டு கோட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் போகும், சிந்துவதற்கு இன்னும் ஒன்று.

காலம்தான் உங்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல். ஜூனில் மழை பிடித்தால் குமுளியில் பெயின்ட் வேலை நடக்காது. கீழே கம்பம் பக்கம் அப்போது வெறும் சாரல்தான், ஆனால் கணவாய் வழியாக இறங்கும் காற்று மண்ணை வாரி ஈரப் பெயின்ட்டில் அப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கீழேயும் மழை. ஆகவே கழற்றுவது, சுரண்டுவது, வெல்டிங் எல்லாவற்றையும் மழைக்காலத்தில் ஷெட்டுக்குள் செய்து ப்ரைமர் அடித்து நிறுத்துங்கள். மாசி, பங்குனியில் மேல் பெயின்ட். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துவிட்டால், பனி இறங்குவதற்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும். கிடப்பில் நின்ற எபாக்சியை 320ல் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த கோட், இல்லாவிட்டால் உரிந்து வரும்.

அடிப்பகுதிக்குத் தார் பூச்சு அடிக்கச் சொல்வார்கள். சுத்தமான ப்ரைமரின் மேல் என்றால் சரி, மிச்சத் துருவை மறைக்க என்றால் வேண்டாம். மலைப்பக்கம் பலர் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிப்பார்கள். துரு நிற்கத்தான் செய்யும், ஆனால் ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், வாசல் மண்ணும் கிணறும் பாழ். சேசிஸின் பெட்டிக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் விட்டு அடிப்பது எவ்வளவோ மேல்.

வாங்கிய பெயின்ட்டில் கால் லிட்டரைத் தனியாக மூடி வையுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் கீறல் உங்கள் ஸ்பானரால்தான் விழும். அன்றைக்கே அதைத் தொட்டுவிடுங்கள்.